பட்டணம் துறந்த கால்டுவெல் ஐயர்

கல்லூரிப் படிப்பு முடியுந் தறுவாயில் நம் மாணவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு வினா எழுகின்றது. தலைநகராகிய சென்னைக்குச் சென்று வாழ்வதா, பொருநை பாயும் இந்நாட்டிலேயே தங்கி வாழ்வதா என்பதே அவ்வினா. மாலைதோறும் திருநெல்வேலிச் சந்திப்பினின்று சென்னை நோக்கிப் புறப்படும் புகைவண்டி நம் தோழர் பலரை ஏற்றிச் செல்கின்றது. அங்குச் சென்று பல்லாண்டு உழைத்த பழைய மாணவர் சிலரோ, தண்ணீர்க் கவலையும் இட நெருக்கமும் வாடகைச் சுமையும் மிக்க அந்நகரை விட்டு, வாழ்வதற்கு இனியதோர் ஊரை நாடித் திரும்பலாமா என எண்ணுகின்றனர். போவார்க்கும் ஐயம்; திரும்புவார்க்கும் ஐயம். இவ்வையம் நம் காலத்தார்க்கே உரியது அன்று. 1841-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்தை விட்டு நம் நாட்டிற்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்த ஓர் இளைஞர், தம் வாழ்நாள் முழுவதையும் இவ்வினாவிற்கு விடையாக வைத்துச் சென்றார். அவரே கால்டுவெல் ஐயர். திராவிட மொழி நூற்புலவர் என்று அவரை அறியாதார் இலர். அவர் ஓர் ஊரைத் தேர்ந்து அவ்வூரிலே வாழ்ந்த வரலாற்றை மட்டும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தில் ஆன்டிரிம் கோட்டத்தைச் சார்ந்த கிளேடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தினர். அவருக்குப் பத்து வயதானபோது குடும்பத்தார் கிளாஸ்கோ நகரிற் குடியேறினர். இளமையில் ஓவியக்கலையில் வேட்கை மிகுந்து டப்ளின் நகரில் அதனைப் பயின்றார்; பின்னர்ச் சமயத்தொண்டே தமக்குரிய பணியென்று தேர்ந்து, இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்போர்டு என்பார் மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் முறையைத் தம் மாணாக்கர்க்கு உணர்த்தினார். அவ்வகுப்பில் விழுந்த வித்து, பின்னர் எந்நிலத்தில் முளைக்கப் போகின்றது என்பதை ஆசிரியரும் அறியார், மாணவரும் அறியார்.

1837-ஆம் ஆண்டில் அவர் ஏறிய மேரி ஆன் என்னும் கப்பலில் தெலுங்கு மொழிப் புலவராகிய சி. பி. பிரௌன் துரையும் பயணஞ் செய்தார். இந்திய மொழிகளைப் பற்றிய முதற்பேச்சு ஐயருக்குக் கடல் நடுவிலேயே வாய்த்தது எனலாம். 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகளே மக்களை அலைமீது ஏற்றிக் கரை சேர்க்கும். அவ்வாறு கரையேறிய ஐயருக்கு அப்போது வயது இருபத்துமூன்று.

பட்டணத்தில் அவர் வாழ்ந்த காலம் மூன்றரை ஆண்டு. அது வீண்போன காலம் அன்று. துரூ ஐயர் என்னும் தமிழ்ப் புலமை வாய்ந்த பாதிரியாரின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. திருக்குறளின் ஒரு பகுதியைப் பரிமேலழகர் உரையோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1840-இல் வெளியிட்டவர் துரூ ஐயர். பிற்காலத்தில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த போப்பையரும் 1839-இல் சென்னை வந்து சேர்ந்தார். ஆகவே தமிழின் சுவையைக் கால்டுவெல் ஐயர் முதலில் அறிந்தது பட்டணத்திலேயேயாம். இதனை நாம் மறத்தலாகாது. ஊர் நாடிச் சென்றவரைப் புகழ்வதற்காக நகரத்தை இகழ வேண்டுவதில்லை.

இனி, அவர் முன் நின்ற இருவழிகளையும் நிறுத்துப் பார்ப்போம். மொழியாராய்ச்சியில் வேட்கையுடைய ஒருவர்க்குச் சென்னையைக் காட்டிலும் ஏற்ற இடம் அந்நாளில் தென்னாட்டில் எங்கே இருந்தது? புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்து, அரசாங்கத்தார் 1812-இல் நிறுவிய மொழிக் கல்லூரி இருந்தது. தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை எல்லிஸ் துரை 1816-இல் எடுத்துக்காட்டியதும் அவ்வூரிலிருந்தே. அச்சுக்கூடங்கள், நூல் நிலையங்கள், புலவர்கள், ஆங்கில மருத்துவர்கள், ஊர்க்கடிதம் கொணரும் கப்பல்கள் எல்லாம் அங்கே. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் நாள்தோறும் தெருவிற் கூடும் நகரம் அது. அறிவுடையார் எவரும் அங்கேயே தங்குமாறு அறிவுரை கூறியிருப்பர்.

மறு தட்டில் இருந்தது என்ன? 1841-இல் ஐயர் தாம் சார்ந்திருந்த சங்கத்தை விடுத்து, எஸ். பி. ஜி. என வழங்கும் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கத்தார்க்குத் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் சபைகள் இருந்தன. அவற்றைப் பேணுவார் போதவில்லை. சென்னைப் பணியை விடுத்து நம் நாட்டிற்கு வந்த வழக்கமும் முன்னரே உண்டு. இரேனியஸ் ஐயர் 1814 முதல் சென்னையிற் பணியாற்றிவிட்டு, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் இங்கேயே உயிர்நீத்தார். மேலும் பல மொழிகள் கலந்து ஒலிக்கும் பட்டணத்தில், தமிழையே மூச்சாகக் கொண்டு வாழும் மக்களிடையே உறைதல் அரிது. ஒரு மொழியை அதன் வேரோடு அறிய விரும்புவார் அது தனித்து வழங்கும் நாட்டுப்புறத்தையே நாட வேண்டும். இக்காரணங்களுள் எது அவர் நெஞ்சில் முதன்மை பெற்றது என்று அளவிட்டுக் கூற இயலாதாயினும், அழைப்பும் தேவையும் ஒருங்கே நின்ற இடத்தை அவர் தேர்ந்தார் என்பது தெளிவு.

தேர்ந்தவர் பல்லக்கில் ஏறினாரல்லர். மக்களையும் அவர்தம் வழக்கங்களையும் நேரிற் காண விரும்பி நடந்தே புறப்பட்டார். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் புகைவண்டி வந்தது 1876-ஆம் ஆண்டிலேதான். ஆயினும் அந்நாளில் வசதியுடையார் நடந்து செல்லார். ஐயரோ சோழநாட்டின் வழியே தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கண்டு, நீலமலையேறி, ஆங்கே சென்னை அத்தியட்சராகிய ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்று, மீண்டும் இறங்கிக் கோயம்புத்தூர், மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்தார். நீலமலையில் வாழும் தோடர் கோத்தர் மொழிகள் பின்னர் அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தில் இடம் பெற்றன. பாதையின் சுற்றும் பயனாகவே முடிந்தது.

மதுரையிலிருந்து தென்கோடிக்குச் செல்வார் எத்துறையிலாயினும் பொருநையைக் கடந்தே ஆதல் வேண்டும். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே நாம் நாள்தோறும் கடக்கின்ற சுலோசன முதலியார் பாலம் 1843-இல்தான் திறக்கப்பெற்றது. ஐயர் வந்த 1841-இன் இறுதியில் அதன் பணி முற்றுப்பெறவில்லை. ஆற்றைக் கடப்போர் கண்களுக்கு ஆற்றங்கரை எத்துணை இனிமையாகத் தோன்றியிருக்கும்! பொதிகையிற் பிறக்கும் இவ்யாறு தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் நீர் பெறுவது. அதனால் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நிறைந்து, காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் நன்செய் நிலம் கரைதோறும் பரந்து கிடக்கின்றது. வாழ்வதற்கு இனிய இடம் வேண்டுமென்று மட்டும் ஒருவர் பட்டணத்தை விட்டு வந்திருப்பாராயின், அவர் பயணம் இக்கரையிலேயே முடிந்திருக்கும்.

ஐயர் இங்கும் நிற்கவில்லை. நாம் வியக்கத்தக்க செய்தி இதுவே. தலைநகரை ஒருமுறை துறந்தவர், அதனினும் இனிய ஆற்றங்கரையை மறுமுறை துறந்து, நாசரேத்தையும் முதலூரையும் கண்டு, இடையன்குடியை அடைந்தார். அவ்வூர் கடலுக்கு அண்மையில் உள்ள தேரி நாட்டினது. பொருநையின் கால்வாய் அந்நாளில் அத்துணைத் தொலைவு எட்டியதில்லை. மேற்கு மலை தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுவதால், அப்பருவத்தில் அந்நிலத்திற்குக் கிடைப்பது வறண்ட மேல்காற்று மட்டுமே. ஆனி ஆடி மாதங்களில் அக்காற்று செம்மணலை வாரி மேடுகளை இடம் பெயர்க்கும். நெல் விளையாத அந்நிலத்தில் வேரூன்றி நிற்பது பனை. பனையேறும் மக்கள் பருவகாலத்தில் காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறிப் பாளை சீவிக் கலயங்கட்டிப் பதநீர் இறக்குவர். பெண்டிர் அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவர். பருவம் கழிந்தால் வருவாய் இல்லை. கிளாஸ்கோவிற் கற்று, சென்னையிற் புலவரோடு பழகிய இருபத்தேழு வயது இளைஞர் வாழத் தேர்ந்த ஊர் இது!

அவ்வூரை அவர் இருந்தபடியே இருக்க விட்டாரல்லர். கிணறுகள் வெட்டுவித்தார். ஒழுங்கின்றிக் கிடந்த குடிசைகளுக்கு மாறாக நேரிய தெருக்கள் வகுத்தார். நிழல்தரும் மரங்கள் நடுவித்தார். பள்ளிகள் எழுந்தன. 1844-ஆம் ஆண்டில் நாகர்கோயிலில் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மகளாராகிய எலிசா அம்மையாரை மணந்தார். அம்மையார் இந்நாட்டிலேயே வளர்ந்தவராதலின் தமிழ் அவருக்குத் தாய்மொழி போன்றது. பெண் மக்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தியதோடு, நாகர்கோயிலில் தம் அன்னையார் தொடங்கியிருந்த லேஸ் பின்னுந் தொழிலை இடையன்குடிப் பெண்களுக்குங் கற்பித்தார். வெயிலிலும் மணலிலும் உழன்ற குடும்பங்களுக்கு அது வீட்டினுள் அமர்ந்தே ஈட்டும் வருவாயாயிற்று. இடையன்குடியின் வரலாற்றில் ஐயர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அம்மையார் பெயரையும் உடன் சொல்லுதலே முறை. ஓர் ஊரில் வாழ்வதா வேண்டாவா என்னும் முடிவை ஆடவர் மட்டும் எடுத்துவிடலாம். அம்முடிவை நாள்தோறும் நடத்திக் காட்டுவோர் பெரும்பாலும் மனையிலிருப்போரேயாவர்.

புலமைக்கு அத்தேரியில் வழி ஏது என்று ஐயுறுவார்க்கு 1856-ஆம் ஆண்டு விடை கூறும். உடல் நலிவுற்று 1854-இல் தாய்நாடு சென்ற ஐயர், தாம் பல ஆண்டுகளாகத் திரட்டிய குறிப்புகளைக் கொண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இலண்டனில் வெளியிட்டார். எல்லிஸ் துரை சுட்டிக்காட்டிய உண்மையை, ஒலி, வேர்ச்சொல், வேற்றுமை, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை எனப் பகுத்து, தக்க சான்றுகளால் நிலைநாட்டிய நூல் அது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1875-இல் நூல் விரிந்து மறுபதிப்புப் பெற்றது. நூல் நிலையங்களுக்கு அருகே வாழ்ந்த பலர் செய்யாததை, அவற்றிற்கு ஏறக்குறைய நானூறு மைல் தொலைவில் வாழ்ந்த ஒருவர் செய்தார். ஏடுகள் தாராத ஒன்றை மக்களின் வாய்மொழி அவருக்குத் தந்தது என்பது நம் துணிபு. ஆயினும் அந்நூலை அச்சிட்டது பெருநகரமே என்பதையும் நேர்மையாகக் கூறிவிடல் வேண்டும். தமிழ் வேதாகமத் திருத்தப் பணியிலும் அவர் பங்கு பெரிது. பவர் ஐயர் தலைமையில் 1858-இல் பாளையங்கோட்டையிற் கூடிய குழுவில் அவர் உறுப்பினராய் அமர்ந்தார். அத்திருத்தம் 1871-இல் வெளிவந்தது.

புகழ்ச்சி மட்டும் கூறி முடிப்பது வரலாறு ஆகாது. ஐயர் தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றி 1849-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். வெளிநாட்டாருக்கு அவர்தம் நிலையை விளக்கும் நோக்குடன் எழுதப்பட்டதாயினும், அம்மக்களின் தோற்றத்தையும் அறிவாற்றலையும் தாழ்த்திய கூற்றுகள் அதில் மலிந்திருந்தன. அவர் நிறுவிய பள்ளிகளிலும் பிற பள்ளிகளிலும் கற்றுத் தேர்ந்த அச்சமூகத்தாரே பிற்காலத்தில் அந்நூலைக் கண்டு நெஞ்சம் புண்பட்டு, மறுப்பும் விண்ணப்பமும் எழுதினர். நூல் வழக்கினின்று விலக்கப்பட்டது. அவர்கள் வருந்தியது நியாயமே. ஓர் ஊரில் எட்டாண்டு வாழ்ந்த அளவிலே அவ்வூராரை முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணுதல் எத்துணைப் பெரிய அறிஞர்க்கும் நேரக்கூடிய பிழை. நகரத்திலிருந்து சிற்றூர்க்குச் செல்வார் எல்லோரும், நாமும், இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். சென்ற இடத்தார் நம் பரிவை மட்டும் வேண்டி நிற்பவர் அல்லர். நம் மதிப்பிற்கும் உரியவர்.

அப்பிழைக்குப் பின்னும் ஐயர் அவ்வூரை விட்டு அகலவில்லை. அவ்வூராரும் அவரைக் கைவிடவில்லை. 1847-இல் அடிக்கல் நாட்டிய திருச்சபைக் கோயில் சிறிது சிறிதாக வளர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1880-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. பொருள் வந்தபோது கட்டியும், வாராதபோது நிறுத்தியும் எழுந்த கோயில் அது. காதிக் முறையில் அமைந்த அதன் வளைவுகளைக் காண்போர், இளமையில் ஓவியம் பயின்ற கண் ஒன்று அங்கே காவல் நின்றது என்பதை உணர்வர். தொடங்கிய பணியை முப்பத்துமூன்று ஆண்டு விடாது தொடர்வதற்கு அறிவைக் காட்டிலும் ஓரிடத்தில் ஊன்றி நிற்றல் மிகுதியும் வேண்டும்.

1877-இல் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டம் சூட்டப்பெற்றது. அப்பதவியின் முதலாண்டே தாது வருடப் பஞ்சத்தின் கொடுமை முற்றிய ஆண்டு. பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பதே அவருடைய முதற்பணியாயிற்று. அதே காலத்தில் பொருநை கடலொடு கலக்கும் பகுதியில் கொற்கையையும் காயலையும் அகழ்ந்தாராய்ந்து, பாண்டியர் துறைமுகமும், மார்க்கோ போலோ கண்ட துறைமுகமும் அவையே என்று விளக்கினார். முன்னொருநாள் கடந்து சென்ற ஆற்றிடம், முதுமையில் ஆராய்ச்சியாளராகத் திரும்பி வந்தார். 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தை அரசாங்க அச்சுக்கூடமே வெளியிட்டது. வந்து வாழ்ந்த நாட்டின் வரலாற்றை அந்நாட்டார்க்கே எழுதித் தந்தவர் அவர்.

நாற்பது ஆண்டு கடந்தபின் அவரும் இடையன்குடியை விட்டு நீங்கினார் என்பதை மறைத்தலாகாது. மேற்கல்விக்கும் பெரும்பரப்பில் ஆற்ற வேண்டிய பணிக்கும் புகைவண்டியும் துறைமுகமும் வாய்ந்த தூத்துக்குடியே ஏற்றதெனக் கண்டு, 1883-இல் கல்லூரியையும் தம் உறைவிடத்தையும் அங்கு மாற்றினார். இது முரண்பாடு அன்று. 1841-இல் தேவை தேரியில் இருந்தது. 1883-இல் தூத்துக்குடியில் இருந்தது. ஊர் மாறினும் தேர்ந்த முறை மாறவில்லை. 1891-ஆம் ஆண்டு ஜனவரியிற் பணியினின்று ஓய்வு பெற்று, கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். மலையிலிருந்து அவர் உடலைச் சமவெளிக்கு இறக்கி, தேரி நாட்டிற்குக் கொணர்ந்து, தாம் எழுப்பிய கோயிலினுள்ளேயே அடக்கஞ் செய்தனர். இறுதியாக ஓர் ஊரைத் தேரும் வேளை வந்தபோது, அவருக்குரிய ஊர் எதுவென்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

அவர் துறந்து வந்த பட்டணமும் அவரை மறக்கவில்லை. 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, கடற்கரைச் சாலையில் அவருக்குச் சிலை நிறுவினர். 1838-இல் அலை நனைத்த ஆடையோடு அவர் கரையேறிய அதே கடலின் ஓரத்தில் அச்சிலை நிற்கின்றது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் 2011-இல் அரசாங்கத்தாரால் நினைவில்லமாக்கப் பெற்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். பட்டணத்திற்குப் போகாதே என்று ஐயரின் வாழ்க்கை நமக்குக் கூறவில்லை. பட்டணம் அவருக்குத் தமிழ் கற்பித்தது. எல்லாரும் தேரிக்குச் செல்க என்றும் கூறவில்லை. அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது வேறொன்று. வாழ்வதற்கு இனிய ஊர் எது என்று நாம் வினவும்போது, அவ்வினிமை அங்கே முன்னரே அமைந்து நமக்காகக் காத்திருக்கின்றது என்று எண்ணிக்கொள்கின்றோம். நல்ல தண்ணீர், நிழல், பள்ளி, நல்ல அயலார் எல்லாம் ஆயத்தமாய் உள்ள ஊரையே தேடுகின்றோம். இடையன்குடியில் இவற்றுள் நல்ல அயலாரைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. அவ்வயலாரின் அருமையையும் ஐயர் முழுமையாய் அறிய நெடுநாள் ஆயிற்று. மற்றவை கிணறு கிணறாகவும் மரம் மரமாகவும் நாற்பது ஆண்டில் உண்டானவை.

நம்மிற் பலர் இவ்வாண்டின் இறுதியில் புகைவண்டி ஏறுவோம். சிலர் இங்கேயே தங்குவோம். இன்னும் சிலர் பின்னொரு நாள் திரும்பி வருவோம். எங்குச் சென்றாலும், அவ்வூர் நமக்கு யாது தரும் என்று கேட்குமுன், அங்கு நாம் வெட்ட வேண்டிய கிணறு யாது என்று கேட்டுச் செல்வோமாக. அங்ஙனம் செல்வார்க்குச் சென்னையும் ஒன்றே, இடையன்குடியும் ஒன்றே.